கிரீஸ் கடனும் அம்மாவின் அஞ்சு பவுன் சங்கிலியும்

'எந்த ஊரு?' என்று கேட்பவர்களிடம் 'பண்ணைப்புரம்' என்றால், அடுத்த வினாடியே 'அட, இளையராஜா ஊரு!' என்பார்கள். அதோடு பேச்சு பாட்டுப் பக்கம் போய்விடும். நம்ம கதையை எவனும் கேட்க மாட்டான்!

இன்றைக்கு நான் சொல்லியே தீருவேன். ஐரோப்பாவில் ஒரு நாடு வாங்கின கடன், மலையடிவாரத்தில் இருக்கிற எங்க வீட்டுக்குள் புகுந்து, எங்க அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போன கதை இது. அந்தக் கதவைத் திறந்துவிட்டவன் நான்தான் என்பது கூடுதல் தகவல்.

2011 ஜூலைக் கடைசி. தேவாரம் ரோட்டுப் பக்கம் இருந்த கிணத்துத் தோட்டத்தில் ஒரு துண்டை அப்பா விற்றார். கையில் எட்டு லட்ச ரூபாய். எங்க வீட்டில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு பணம் ஒன்றாக இருந்ததில்லை. அந்தப் பணத்துக்கு ரெண்டே வேலை. ஒன்று, தை மாசம் அக்கா கல்யாணம். பதினைந்து பவுன் போடுவதாகப் பேச்சு. இரண்டாவது, என் படிப்பு. இன்ஜினீயரிங் முடித்துவிட்டு ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க விண்ணப்பித்திருந்தேன். 2012 ஏப்ரலில் தொடங்குகிற பருவம்.

ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் பெரிதாகக் கிடையாது. ஆனால் விசா வேண்டுமென்றால், ஒரு வருஷச் சாப்பாட்டுச் செலவை அந்த ஊர் வங்கியில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும். அப்போது அது ஏறத்தாழ 8,000 யூரோ.

ஆகஸ்ட் முதல் வாரம் அப்பா ஒரு நோட்டில் கணக்குப் போட்டார். ஒரு யூரோ 63 ரூபாய் என்றால் 5,04,000. ஒரு பவுன் சுமார் 17,400. பதினைந்து பவுனும் செய்கூலி சேதாரமும் சேர்த்து 2,87,000 வரும். ஆக மொத்தம் 7,91,000. எட்டு லட்சத்துக்குள் அடங்கிவிட்டது!

"சரியா இருக்குடா. நாளைக்கே ஒத்தமாளையம் போயி நகையை எடுத்துருவோம். உன் காசையும் கட்டிப்புடு" என்றார் அப்பா. உத்தமபாளையம் எங்க வாயில் ஒத்தமாளையம்தான்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

"அப்பா, அவசரப்படாதீங்க. கிரீஸ் கவுந்துக்கிட்டு இருக்கு. யூரோ சல்லிசா வரும். ஒரு நாலு மாசம் பொறுத்தா அம்பதுக்குக்கூட வாங்கலாம். அதுவரைக்கும் பேங்க்ல போட்டு வைப்போம், வட்டியாவது வரும்."

இன்ஜினீயரிங் முடித்த பிள்ளை, பேப்பரில் உலகச் செய்தியெல்லாம் படிக்கிற பிள்ளை. அப்பா நோட்டை மூடிவிட்டார். அம்மாவும் தன் பங்குக்கு, "தங்கமும் கொஞ்சம் எறங்குமாம், டீக்கடையில பேசிக்கிறாக. கல்யாணத்துக்குத்தான் இன்னும் அஞ்சு மாசம் கெடக்கே" என்றாள்.

ஆக, வீட்டில் ரெண்டு பேர் காத்திருக்க முடிவு செய்தோம். நான் யூரோ விழட்டும் என்று. அம்மா தங்கம் விழட்டும் என்று. அப்பா எங்க ரெண்டு பேரையும் நம்பி.

ஒரே நோட்டு, பதினேழு குடித்தனம்

நான் பேசினது முழு முட்டாள்தனம் இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

2001-ல் கிரீஸ் யூரோவில் சேர்ந்தது. ஒரே நோட்டைப் புழங்கும் பெரிய குடும்பத்தில் சேர்ந்ததும், ஜெர்மனிக்குக் கிடைக்கிற வட்டிக்குக் கிட்டத்தட்ட அதே வட்டியில் கிரீஸுக்கும் கடன் கிடைத்தது. வாங்கித் தள்ளினார்கள். 2009 அக்டோபரில் புதிதாக வந்த அரசு, 'பற்றாக்குறை முன்னே சொன்னதுபோல ரெண்டு மடங்கு' என்று உண்மையைப் போட்டு உடைத்தது. கடன் கொடுத்தவர்களுக்குக் குலை நடுங்கியது. 2010 மே மாசம் ஐரோப்பிய நாடுகளும் பன்னாட்டு நிதியமும் சேர்ந்து 11,000 கோடி யூரோ கடன் உதவி அறிவித்தன. அப்படியும் அடங்கவில்லை. அயர்லாந்து, போர்ச்சுகல் என்று பரவியது. 2011-ல் யூரோவில் இருந்தவை 17 நாடுகள். ஆகஸ்டில் இத்தாலி, ஸ்பெயின் வரைக்கும் சூடு ஏறிவிட்டது.

தனக்கென்று ஒரு நாணயம் இருக்கிற நாடு என்றால், கடன் முட்டும்போது அதன் மதிப்பு விழும். விழுந்தால் ஏற்றுமதி மலிவாகும், சுற்றுலாக்காரர்கள் வருவார்கள், மெல்ல மெல்ல மூச்சு வரும். கிரீஸுக்கு அந்த வழி இல்லை. நோட்டு அதனுடையது மட்டும் இல்லையே! அதனால் சம்பளத்தைக் குறைத்து, பென்ஷனைக் குறைத்து, ஆளைக் குறைத்துத்தான் சரிக்கட்ட வேண்டியிருந்தது.

இதெல்லாம் படித்துத்தான் 'யூரோ விழும்' என்று சொன்னேன். யூரோவும் விழுந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு யூரோ சுமார் 1.43 டாலர். டிசம்பர் நடுவில் 1.30 டாலர். ஒன்பது சதவீதம் சரிவு. என் ஜோசியம் பலித்தது!

ஆனால் நான் யூரோ வாங்க டாலர் கொண்டுபோகவில்லையே, ரூபாய் அல்லவா கொண்டுபோகணும்? ஆகஸ்ட் தொடக்கத்தில் ஒரு டாலர் 44 ரூபாய். டிசம்பர் 15-ஆம் தேதி 54-ஐத் தாண்டியது. அதுவரைக்கும் ரூபாய் கண்டிராத சரிவு. யூரோ ஒரு படி கீழே உருண்டால், ரூபாய் ரெண்டு படி கீழே உருண்டுவிட்டது. 54-ஐ 1.30-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு யூரோ 70 ரூபாய்!

கடன்பட்டவன் நாணயம் எங்களுக்கு விலை ஏறிவிட்டது. இது எந்த ஊர் நியாயம்?

ஓடிப்போன சீட்டுக்காரர்

இந்த நியாயத்தை எனக்குப் புரியவைத்தது எங்க ஊர்ச் சீட்டுதான்.

எங்க பக்கம் சீட்டுப் போடாத வீடு கிடையாது. மலைக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடியுமுன்னே ஜீப் ஏறிப் போகிற அக்காமார் வாரக் கூலியிலிருந்து எடுத்து வைத்துச் சீட்டுக் கட்டுவார்கள். ஒரு நாள், பக்கத்து ஊரில் ஒரு சீட்டுக்காரர் ராவோடு ராவாக வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று செய்தி வந்தது. அவருக்கும் எங்க ஊர்ச் சீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் எங்க ஊர்ச் சீட்டுக்கார அம்மா வீட்டு வாசலில் கூட்டம். "எங் காசைக் குடுத்துரு தாயி, நான் கூட்டுறவு பேங்க்லயே போட்டுக்கிறேன்" என்று ஆளாளுக்கு நின்றார்கள். அந்த அம்மா ஒருத்தரையும் ஏமாற்றினதில்லை. ஆனாலும் பயம் வந்துவிட்டால் யாரும் ஆள் பார்த்துப் பயப்படுவதில்லை. பெரிய கட்டடம் எதுவோ அதை நோக்கி ஓடுவார்கள்.

2011-ல் உலகத்தில் நடந்ததும் இதுதான். ஐரோப்பாவில் அடி விழுந்ததும், முதலீட்டாளர்கள் ஐரோப்பாவிலிருந்து மட்டும் பணத்தை எடுக்கவில்லை. இந்தியா மாதிரி வளர்கிற நாடுகளின் பங்குகளிலிருந்தும் எடுத்தார்கள், புதிதாகப் போடுவதையும் நிறுத்தினார்கள். வெளிநாட்டுக் கடன் கொடுத்துவந்த ஐரோப்பிய வங்கிகளும் கையை இறுக்கின. எல்லாரும் ஓடி ஒண்டின பெரிய கட்டடம் அமெரிக்க அரசுக் கடன் பத்திரம். வேடிக்கை என்ன தெரியுமா? அதே 2011 ஆகஸ்ட் 5-ஆம் தேதிதான் ஸ்டாண்டர்ட் அண்ட் பூவர்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் கடன் தகுதியையே ஒரு படி கீழே இறக்கியிருந்தது. மழைக்கு ஒதுங்குகிறவன் கூரையில் ஓட்டை இருக்கா என்று பார்ப்பதில்லை. கூரை பெரிசா என்றுதான் பார்க்கிறான்.

நம்ம வீட்டிலும் ஒரு பலவீனம் இருந்தது. நாம் வெளிநாட்டுக்கு விற்கிறதைவிட வாங்குகிறது அதிகம். 2011-12-ல் அந்த வரவு செலவுப் பள்ளம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.2 சதவீதம். பள்ளத்தைத் தோண்டின இரண்டு பெரிய ஆட்கள் யார் என்றால், ஒன்று கச்சா எண்ணெய், இன்னொன்று... தங்கம்! அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருந்தது வெளியிலிருந்து வந்த டாலர். வரத்து குறைந்ததும் ரூபாய் சரிந்தது.

கிரீஸுக்கு நாம் கடன் கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை. ஆனால் நம் ரூபாய் அடிபட்டது. பக்கத்து ஊர் சீட்டுக்காரர் ஓடினதுக்கு எங்க ஊர் அம்மா வாசலில் கூட்டம் கூடின மாதிரி.

டி.வி-யில் இறக்கம், கடையில் ஏற்றம்

அம்மாவின் தங்கக் கதை இதைவிடப் பரிதாபம்.

நாங்கள் காத்திருக்க ஆரம்பித்த மூணே வாரத்தில் பவுன் 20,000-ஐத் தாண்டியது. பயந்தவர்கள் எல்லாம் டாலருக்கு அடுத்தபடி தங்கத்தைத்தானே பிடிப்பார்கள்! செப்டம்பர் 6-ஆம் தேதி உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 1,900 டாலரைத் தாண்டி உச்சிக்குப் போனது. அம்மா அசரவில்லை. "ஏறுனது எறங்கித்தான ஆகணும்" என்றாள்.

இறங்கவும் செய்தது. டிசம்பர் நடுவில் சுமார் 1,600 டாலர். டி.வி-யில் 'உலகச் சந்தையில் தங்கம் கடும் வீழ்ச்சி' என்று ஓடியது. அம்மா சந்தோஷமாகப் பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடைக்காரர் விலைப் பலகையைக் காட்டினார். அப்போதும் பவுன் 20,000-ஐ ஒட்டித்தான்!

"டி.வி-யில எறங்கிருச்சுங்கிறான், இங்க எறங்கலையே... ஏமாத்துறாகளா?" என்று போனில் கேட்டாள்.

ஏமாற்றவில்லை. இந்தக் கணக்கை நீங்களும் ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். ஓர் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். செப்டம்பரில் 1,900 டாலர் என்றால், கிராம் 61 டாலர். அப்போது டாலர் 46 ரூபாய். ஆக சுத்தத் தங்கம் கிராம் சுமார் 2,810 ரூபாய். டிசம்பரில் 1,600 டாலர் என்றால், கிராம் 51 டாலருக்குக் கொஞ்சம் மேலே. டாலர் 53 ரூபாய் என்று வைத்தாலும் கிராம் சுமார் 2,725 ரூபாய். டாலரில் பதினாறு சதவீதம் விழுந்த தங்கம், ரூபாயில் மூணு சதவீதம்தான் விழுந்தது. மிச்சத்தை ரூபாயின் சரிவு தின்றுவிட்டது.

தங்கம் வாங்குகிறோம் என்று நினைக்கிறோமே, உண்மையில் நாம் ரெண்டு பொருள் வாங்குகிறோம். ஒன்று தங்கம். இன்னொன்று, அதை வாங்குவதற்கான டாலர். ரெண்டில் எது ஏறினாலும் நம் பை இளைக்கும். அரசாங்கத்துக்கும் இது தெரிந்ததால்தான், டாலர் வெளியே போகாமல் தடுக்க 2012 ஜனவரியிலிருந்து தங்கத்தின் மேல் இறக்குமதி வரியை ஏற்ற ஆரம்பித்தார்கள். முதலில் 2 சதவீதம், மார்ச்சில் 4, அடுத்த வருஷம் ஆகஸ்டில் 10 வரைக்கும் போனது. அதையும் சேர்த்து நகைக்கடையில் நாம்தான் கட்டினோம்.

திருப்பூர் மச்சான் சொன்னது

இந்தச் சமயத்தில் அத்தை மகன் ஊருக்கு வந்தான். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை.

"உங்களுக்குக் கொண்டாட்டம்தான மச்சான்? ரூபா விழுந்தா ஏற்றுமதிக்காரனுக்குக் காசு கொட்டுமே!" என்று வயிற்றெரிச்சலில் கேட்டேன்.

"நீ வேற! எங்க முதலாளி ஏப்ரல்லயே டாலரை 45-க்கு பேங்க்ல பேசி வித்துட்டாரு. இப்ப 53 ஆனா அவருக்கு என்ன? அப்பிடியே புதுசா ஆர்டர் வந்தாலும், 'உங்க ரூபாதான் விழுந்துருச்சே, வெலையைக் கொறை'ன்னு அங்கிட்டு இருந்து மெயில் வந்துருது. இத்தாலிக்காரன் பாதி ஆர்டரைத்தான் குடுக்கிறான்."

"அப்ப எதுக்கு முன்கூட்டியே விக்கணும்? விக்காம இருந்தா லாபம்தான?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "2008-ல அப்பிடி நெனைச்சவங்க கதை தெரியுமா உனக்கு? பனியன் தைக்கிறவன் ஸ்விஸ் பிராங்கு ஏறுமா எறங்குமான்னு பேங்க்காரங்களோட ஒப்பந்தம் போட்டான். லாபம் வரும்னு கையெழுத்துப் போட்டவங்க, பனியன்ல சம்பாரிச்சதை எல்லாம் விட்டுட்டு கோர்ட்டுக்கு நடந்தாங்க. எங்க முதலாளிக்கு 45 ரூபா வந்தா நூலுக்கும் சம்பளத்துக்கும் கட்டுபடியாகும். அதுக்குத்தான் பூட்டி வெச்சாரு. டாலர் எங்க போவும்னு ஜோசியம் சொல்றது அவரு சோலி இல்ல. அவரு சோலி பனியன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆகஸ்டில் அப்பா நோட்டில் போட்ட கணக்கும் அதேதான். 63-க்கும் 17,400-க்கும் எங்களுக்குக் கட்டுபடியானது. அப்பா பூட்டி வைக்கப் பார்த்தார். நான்தான் ஜோசியம் பார்த்தேன்.

விசாவுக்கான தேதி நெருங்கியதால், டிசம்பர் நடுவில் பணம் கட்டியே ஆக வேண்டும். 8,000 யூரோவுக்கு 5,60,000 ரூபாய். நகைக்குச் செய்கூலியோடு 3,30,000. மொத்தம் 8,90,000. வங்கியில் வட்டியாக வந்தது பதினைந்தாயிரம். என் பேச்சைக் கேட்டு நாலரை மாசம் காத்திருந்ததுக்குப் பலன், 75,000 ரூபாய் துண்டு.

ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அக்கா, "எனக்குப் பன்னெண்டு பவுன் போதும்ப்பா" என்றாள். அப்பா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அம்மா உள்ளே போனாள். பாட்டி போட்டுவிட்ட அஞ்சு பவுன் சங்கிலியைக் கழற்றி, ஒரு மஞ்சள் பையில் போட்டு அப்பா முன்னால் வைத்தாள். "இதுக்கு எவ்வளவு குடுப்பாகன்னு கேட்டுப் பாருங்க."

எழுபதாயிரம் கொடுத்தார்கள். மிச்சம் அஞ்சாயிரத்தை மாமா தந்தார்.

அதில் இருந்த விசேஷம் எனக்குப் பல மாசம் கழித்துத்தான் உறைத்தது. ஆகஸ்டிலேயே அந்தச் சங்கிலியை அடகு வைத்திருந்தால் அறுபதாயிரம்தான் கிடைத்திருக்கும். எந்த விலையேற்றம் அக்கா நகையில் இடித்ததோ, அதே விலையேற்றம்தான் அம்மா சங்கிலிக்குப் பத்தாயிரம் கூடுதலாக வாங்கிக் கொடுத்தது. ரூபாய் விழும்போது வீட்டில் ஏற்கெனவே இருக்கிற தங்கம் நிமிர்ந்து நிற்கும். இதை அம்மா எந்தப் பேப்பரிலும் படிக்கவில்லை. 'கஷ்டத்துக்கு ஆகும்' என்று பாட்டி சொன்னதை மட்டும் மறக்காமல் வைத்திருந்தாள்.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். 2012 பிப்ரவரியில் டாலர் 49-க்கு இறங்கி, யூரோ 65 ரூபாய்க்கு வந்தது. இன்னும் ரெண்டு மாசம் காத்திருந்தால்...? விசா தேதி காத்திருக்காது. தேதி நம் கையில் இல்லாதவன் விலையோடு பந்தயம் கட்டக் கூடாது. ஒரு வேளை கட்டத்தான் வேண்டும் என்றால், மொத்தப் பணத்தையும் ஒரே நாளில் வைக்கக் கூடாது. மாசம் மூணு பவுனாக எடுத்திருந்தால்கூட அம்மாவுக்குச் சில ஆயிரம் மிஞ்சியிருக்கும்.

சமையலறையில் ஒரு கிரேக்கன்

2012 ஏப்ரலில் ஜெர்மனி போய்ச் சேர்ந்தேன். விடுதியில் எனக்குப் பக்கத்து அறைக்காரன் யார் தெரியுமா? கிரீஸ்! தெஸ்ஸலோனிக்கியிலிருந்து வந்தவன்.

அந்த வருஷம் மார்ச்சில்தான் கிரீஸ் அரசுப் பத்திரம் வைத்திருந்த தனியார் முதலீட்டாளர்களுக்கு முகமதிப்பில் 53.5 சதவீதம் தள்ளுபடி என்று நாமம் போட்டிருந்தார்கள். 'பத்திரமான முதலீடு' என்று வாங்கி வைத்தவர்களின் பணம் பாதிக்கு மேல் போச்சு. அவன் ஊரில் இளைஞர்களில் ரெண்டு பேருக்கு ஒருத்தருக்கு வேலை இல்லாத காலம் அது. அவன் அம்மா பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷனை ரெண்டு தடவை வெட்டிவிட்டார்களாம். 'கடன் வாங்கினது யாரோ, அம்மா எதுக்குக் கட்டணும்?' என்று சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டான்.

எனக்குத் தொண்டையில் என்னமோ சிக்கியது. நான் நாலு மாசம் தினமும் பேப்பரைப் பிரித்து, 'கிரீஸ் இன்னும் கவுரலையா?' என்று பார்த்தவன். கவிழ்ந்தால் எனக்கு யூரோ சல்லிசு. நான் வேண்டிக்கொண்டது இந்த வெங்காயம் நறுக்குகிறவன் வீடு கவிழ வேண்டும் என்றுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவனிடம் அம்மா சங்கிலிக் கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "உன் அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்" என்றான். 'நீயும் என்னை மன்னித்துக்கொள்' என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

2015 ஜூன் கடைசியில் கிரீஸில் வங்கிகளை மூடி, ஏ.டி.எம்-மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான் என்று ஆக்கினார்கள். அப்போது அவன் வேறு ஊரில் வேலையில் இருந்தான். வரிசையில் நின்றது அவன் அம்மா.

சங்கிலிக்கு வருவோம். 2014 தொடக்கத்தில் பகுதிநேர வேலையில் சேர்த்த காசை ஊருக்கு அனுப்பினேன். 70 ரூபாய்க்கு வாங்கின அதே யூரோ, அப்போது 83 ரூபாயை ஒட்டி நின்றது. ரூபாய் விழுந்ததில் அன்றைக்கு அழுதவன், அதே ரூபாய் விழுந்ததால் இப்போது 850 யூரோவிலேயே எழுபதாயிரம் அசலை அடைத்தான். என் புத்திசாலித்தனம் ஒன்றும் அதில் கிடையாது. சம்பாதிப்பது யூரோவில், கடன் ரூபாயில் என்று தானாக அமைந்துவிட்டது. இதுவே தலைகீழாக அமைந்திருந்தால், அதாவது சம்பளம் ரூபாயிலும் கடன் யூரோவிலும் இருந்திருந்தால், இந்நேரம் மிச்சமிருந்த தோட்டமும் போயிருக்கும்.

வெளிநாட்டுப் படிப்புக்கோ, தங்கத்துக்கோ, முதலீட்டுக்கோ பணம் எடுத்து வைக்கிற தம்பி தங்கைகள் என்னிடம் 'எப்ப வாங்கலாம்ண்ணே?' என்று கேட்கிறார்கள். நான் திருப்பி மூணு கேள்வி கேட்பேன். வரவு எந்த நாணயத்தில்? செலவு எந்த நாணயத்தில்? பணம் வேண்டிய தேதி எது? இந்த மூணுக்கும் பதில் எழுதிவிட்டு, இன்றைய விலை கட்டுபடியாகிறதா என்று பாருங்கள். ஆனால் முடித்துவிடுங்கள். 'இன்னும் இறங்கும்' என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அந்தக் குரலுக்கு எங்க வீட்டில் விலை 75,000 ரூபாய்.

'2011-ல் வாங்கின தங்கம்தான் இன்றைக்கு எங்கேயோ போய்விட்டதே!' என்று நீங்கள் கேட்கலாம். நிஜம்தான். 2025 ஏப்ரலில் பவுன் 70,000-ஐத் தாண்டியது. ஆனால் இடையில் 2013 ஏப்ரலில் ரெண்டே வியாபார நாளில் தங்கம் தலைகுப்புற விழுந்ததையும், 2011-ன் டாலர் உச்சத்தை மறுபடி தொட 2020 வரைக்கும் ஆனதையும் மறந்துவிடக் கூடாது. ஒன்பது வருஷம் தூக்கம் கெடாமல் இருக்க முடிந்தவருக்குத்தான் அந்த லாபம். தை மாசம் கல்யாணம் வைத்திருக்கிறவருக்கு இல்லை.

சங்கிலியை மீட்டு வந்த அன்று அப்பா போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தார். கழுத்தில் போட்டுக்கொண்டே பேசியிருப்பாள் போல, கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.

"ஏன் சாமி, அந்தக் கிரீசுக்காரக கடனை அடைச்சிட்டாகளா?"

"எங்கம்மா... இன்னும் பல வருஷம் ஆகும்."

"பாவம்" என்றாள். அப்புறம், "நாம அடைச்சுப்புட்டோம்ல" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்க ஆரம்பித்தாள்.